தவக்காலம் வருமுன் பாடிய புலம்பல்

மகனே,

விமான நிலையத்தில் நான் உனக்குக் கை காட்டாமல் நின்றதற்குக் காரணம் கோபம் இல்லை, உள்பாவாடை நாடா. நீ கிற்றார்ப் பெட்டியை முதுகில் போட்டுக்கொண்டு உள்ளே போகத் திரும்பிய நேரம் பார்த்து அது அவிழ்ந்துவிட்டது. ஒரு கையில் உன் அப்பாவின் மருந்துப் பை, மற்றக் கையில் என் மானம். இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டு நான் சிலை மாதிரி நின்றேன். பக்கத்தில் நின்ற ஒரு சிங்கள அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஐயோ பாவம், என்ன துக்கமோ என்று தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். அதை வாங்கக்கூட எனக்கு மூன்றாவது கை இல்லை. நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கை காட்டினாய், நான் காட்டவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு தடவை மெல்பேர்ணிலிருந்து கதைக்கும்போதும், போனை வைக்கிறதுக்கு முன்னால் குரலைத் தாழ்த்தி, அந்தப் பாட்டுக்காக இன்னும் கோபமா அம்மா என்று கேட்கிறாய். உன் அப்பா பக்கத்தில் இருக்கும்போது போனில் நாடாக் கதை சொல்ல முடியாது. பாட்டுக் கதையோ போனில் சொல்கிற அளவுக்குச் சின்னது இல்லை. அதனால் எழுதுகிறேன். நீ இதை உன் நண்பர்களுக்குக் காட்டுவாய் என்று தெரியும். தாராளமாகக் காட்டு. இங்கே எங்கள் கொட்டாஞ்சேனையில் நான் காட்டப் போவதை விட அது குறைவாகத்தான் இருக்கும்.

உன் பாட்டு எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் நீ வெளிநாட்டுக் குழுக்களின் பெயர்களை வரிசையாக அடுக்குகிறாய். அது நல்லதுதான், கேட்கிறவர்களுக்கும் மரியாதையாக இருக்கும். ஆனால் அதன் தாளம் எங்கள் சாப்பாட்டு மேசையில் பிறந்தது என்பது எனக்குத் தெரியும். உன் அப்பா சோற்றுக்குக் காத்திருக்கும்போது மேசையில் விரல்களால் தவில் அடிப்பார். வெள்ளவத்தையில் வளர்ந்த பிள்ளை. தேர் புறப்பட்டால் தவில்காரருக்குப் பின்னாலேயே காலி வீதி முழுக்க நடந்து போய், செருப்பைத் தொலைத்துவிட்டு வீட்டுக்கு வருவாராம். பசி ஏற ஏற அவருடைய தாளமும் வேகமாகும். பாட்டுத் தொடக்கத்தில் உன் சிங்களக் கூட்டாளி டினுக டிரம்மில் உருட்டுகிறானே ஓர் உருட்டல், அது எங்கள் வீட்டில் பருப்பு வேகாமல் போன ஒரு நாளின் உருட்டல். அதற்குப் பிறகு ஆட்டம் ஒன்று உள்ளே வருகிறதே, அது என் பக்கம். கொட்டாஞ்சேனையில் என் குடும்பத்துக் கல்யாணம் ஒன்றுகூட பைலா ஆட்டம் இல்லாமல் முடிந்தது கிடையாது. நீ நடக்கப் பழகியதே அந்த ஆட்டக் கால்களுக்கு நடுவில்தான். அடியில் நீளமாக உறுமுகிற அந்தச் சத்தம், வருசப் பிறப்புக்குத் துறைமுகத்துக் கப்பல்கள் எல்லாம் சேர்ந்து ஊதுகிற சத்தம். கிற்றாரில் நீ அழுத்துகிற அந்தக் கிழிந்த குரல், எங்கள் கோயில் திருவிழாவில் பூவரசு மரத்தில் கட்டுகிற உடைந்த லவுட்ஸ்பீக்கர். அதைத் திருத்தச் சொல்லி வருசா வருசம் ஃபாதரிடம் முறையிட்டவள் நான். அதே உடைந்த சத்தத்தைப் போடுவதற்கென்றே ஒரு பெட்டி விற்கிறார்கள் என்று நீ காலால் மிதித்துக் காட்டினாய். உலகம் போகிற போக்கை நினைத்து அன்று முழுக்கச் சிரித்தேன்.

பாட்டு நல்ல பாட்டு. ஊரை விட்டுப் போகிறவன் கப்பல் தட்டிலிருந்து வெளிச்சவீட்டைத் திரும்பிப் பார்க்கிறான். "வெளிச்சவீடே, கண்ணை மூடு, நான் போகிறதை நீ பார்க்காதே" என்று நீ தொடங்கியபோது எனக்கு வெங்காயம் உரிக்காமலே கண் எரிந்தது. ஆனால் நடுவில் ஓர் ஓட்டை இருந்தது. இரண்டாவது சரணம் முடிந்து எல்லா வாத்தியமும் நின்றுவிடும், நீயும் நிற்பாய், அதற்குப் பிறகு என்ன வருவது என்று யாருக்கும் தெரியாது. கீபோர்டை வைத்துப் பார்த்தீர்கள். யாரோ ஒரு பிள்ளையைக் கூட்டி வந்து வயலின் வாசிக்கச் செய்தீர்கள். ஒன்றும் ஒட்டவில்லை. மழைக்காலம் முழுக்க, பயிற்சிக்கென்று நீங்கள் வாடகைக்கு எடுத்த வெள்ளவத்தை அனெக்ஸ் அறையில் நாலு வளர்ந்த ஆம்பிளைகள் அந்த ஓட்டையைச் சுற்றி உட்கார்ந்து மீன் வைத்த மாலுபான் தின்றீர்கள். தை மாதம் முடிய நீ மெல்பேர்ணுக்குப் போகிறாய் என்பது முடிவாகிவிட்டது. நீ போனால் குழு இல்லை. அந்த ஓட்டை அடைபடாவிட்டால் பாட்டும் இல்லை. இத்தனை வருசம் என் பாத்திரங்களை அடித்து நெளித்ததற்கு உன் கையில் மிஞ்சப் போகிற ஒரே பாட்டு அது.

அந்த ஓட்டைக்குள் என்ன போக வேண்டும் என்று உனக்குப் புரிந்த நாள் எனக்கு நல்ல ஞாபகம். நீ குசினிக்கு வந்து, நான் மீன் வெட்டிக்கொண்டிருந்த பலகைக்குப் பக்கத்தில் நின்று, பெரிய வெள்ளிப் புலம்பலின் மெட்டை மெதுவாக முனகினாய். நான் கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சிலுவை போட்டேன்.

உன் மெல்பேர்ண் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கோயிலில் பெரிய வெள்ளியன்று, மாதா சிலுவைக்கு அடியில் நின்று அழுகிற அழுகையைப் பெண்கள் ஒரு குழுவாக நின்று பாடுவோம். குழுவுக்குத் தலைவி பிலோமினா அக்கா, அவருக்கு அடுத்த குரல் நான். அந்தப் புலம்பலுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு முன்னால் வாயைத் திறக்கக் கூடாது, உயிர்த்த ஞாயிற்றுக்குப் பிறகு மூடிவிட வேண்டும். பயிற்சிகூட தவக்காலத்துக்கு உள்ளேதான். மற்ற மாதங்களில் தற்செயலாக மனதில் வந்துவிட்டால் உடனே ஒரு பாலன் பாட்டைத் தொடங்கி அதை விரட்டிவிட வேண்டும். காலம் தப்பி அதை ஒரு வீட்டுக்குள் பாடினால் அந்த வீடு அழ நேரிடும் என்பது பேச்சு. ஒருத்தி ஆவணி மாதத்தில் உடுப்பு காயப் போட்டபடி முனகியதில் அவளுடைய மாமனார் செத்துப் போனார் என்று பிலோமினா அக்கா ஒவ்வொரு வருசமும் சொல்லுவார். அந்த மாமனாருக்கு அப்போது தொண்ணூறு தாண்டியிருந்தது என்பதையும் ஒவ்வொரு வருசமும் யாராவது ஞாபகப்படுத்துவோம். சிரிப்போம். சிரித்துவிட்டு, ஒருத்தியாவது முனகுவோமா என்றால், மாட்டோம்.

நீயோ முனகியது மட்டும் இல்லை, பிழையாகவும் முனகினாய். மூன்றாம் அடியில் குரல் இறங்குகிற இடத்தில் நீ மேலேயே தொங்கிக்கொண்டு நின்றாய். பாவம் ஒரு பக்கம், அந்தப் பிழை ஒரு பக்கம், எனக்கு எது கூடுதலாக நோகுது என்று தெரியவில்லை. அப்படி இல்லை, இப்படி என்று கையால் காற்றில் இறக்கிக் காட்டினேன், வாயைத் திறக்கவில்லை. நீ உடனே பிடித்துக்கொண்டாய். அந்த இறக்கம் கிற்றாரில் வராது அம்மா, கழுத்தில் வரிசையாகக் கிடக்கிற கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் நடுவில் அது கிடக்கிறது, ஆள் ஒருவர் பாடினால்தான் உண்டு என்றாய். இதிலிருந்து நீ கற்க வேண்டியது ஒன்று உண்டு. யாரையாவது பாட வைக்க வேண்டுமென்றால் பாடச் சொல்லிக் கெஞ்சாதே. அவர்களுக்கு முன்னால் பிழையாகப் பாடு. இதைக் கல்யாண வாழ்க்கையிலும் பாவிக்கலாம். உன் அப்பா சட்டையைப் பிழையாக மடித்துக் காட்டியே இத்தனை வருசம் என்னைக் கொண்டு மடிப்பித்துவிட்டார்.

நான் முடியாது என்றேன். காரணம் உனக்கும் தெரியும். உன் அப்பாவுக்கு அப்போதே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. இருதயத்துக் குழாயைப் பார்க்கிற அந்தப் பரிசோதனைக்கு நாள் குறித்திருந்தார்கள். அது பாலன் பிறக்கிற நத்தார் முடிந்த பிறகு. ஒரு மனுசன் அப்படி இருக்கிற வீட்டில், நான் நத்தாருக்கு முன்னால் சாவுப் பாட்டுப் பாடுவதா? நீ சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், வீடு கலகலப்பாக இருந்திருக்கும். நீ அமைதியாகச் சாப்பிட்டாய், அமைதியாகக் கோப்பையைக் கழுவி வைத்தாய், அமைதியாக வேலைக்குப் போய் வந்தாய். நான் பம்பலப்பிட்டியில் பல் டொக்டருடைய முன் மேசையில் உட்கார்ந்து ஊர்க்கதை முழுவதையும் கேட்டுக் கறக்கிறவள். வாயில் பஞ்சு வைத்திருக்கிற ஆள்களிடமிருந்துகூட விசயம் எடுத்துவிடுவேன். உன் வாயிலிருந்து ஒரு சொல் எடுக்க முடியவில்லை. அந்த அமைதியில் மேசைத் தாளமும் நின்றுபோனது. உன் அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தார்.

கடைசியில் ஒரு நாள் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே நீ சொன்னாய்.

"சரி அம்மா. நீங்க பாட வேணாம். நான் பிலோமினா அன்ரியைக் கேக்கிறன்."

நீ அதைத் தந்திரமாகச் சொன்னாயா, கையறு நிலையில் சொன்னாயா என்பதை இன்றுவரை நான் கண்டுபிடிக்கவில்லை. பக்தியால் மறுத்த நான் பொறாமையால் சம்மதித்தேன். இதை ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். பிலோமினா அக்கா மூன்றாம் அடியில் எப்போதும் கொஞ்சம் முந்திவிடுவார். அவருடைய குரல் உன் பாட்டில் காலமெல்லாம் முந்திக்கொண்டு கிடப்பதை நினைக்க எனக்குத் தாங்கவில்லை.

பாவத்துக்கு ஒரு குறுக்கு வழியும் கண்டுபிடித்தேன். சொற்களைப் பாடுவதில்லை, வெறும் ஆ என்ற ஆகாரம் மட்டும். சொல் இல்லாவிட்டால் அது புலம்பல் ஆகாது அல்லவா? அத்தோடு எங்கள் வீட்டுக்குள் பாடுவதில்லை, வெள்ளவத்தையில் பாடுகிறேன். வீடு அழ நேரிடும் என்றால் அந்த அனெக்ஸ்காரருடைய வீடு அழட்டும். இப்படியெல்லாம் ஆண்டவரோடு பேரம் பேசிவிட்டு நத்தாருக்கு முந்திய சனிக்கிழமை வெளிக்கிட்டேன். உன் அப்பா கதிரையில் சாய்ந்துகொண்டு, எனக்கு ஒன்றுமில்லை, நீர் போய்ப் பாடிவிட்டு வாரும், நான் படுத்திருக்கிறேன் என்றார். நெற்றியைத் தடவிப் பார்த்தேன், கொஞ்சம் ஈரமாக இருந்தது. ஃபேன் வேகத்தைக் கூட்டிவிட்டுப் போனேன். வழி முழுக்கக் கடைகளில் நத்தார்ப் பாட்டு. கோயிலில் பாலன் பிறப்பதற்குக் குடில் கட்டுகிறார்கள், நானோ அவரைச் சிலுவையிலிருந்து இறக்குவதற்குப் பஸ் ஏறிப் போகிறேன்.

அந்த அறையை நீ சுத்தம் பண்ணி வைத்திருந்தாய் என்று பெருமையாகச் சொன்னாய். வேர்வையும் பழைய மாலுபானும் மணத்தன. சுவரெல்லாம் முட்டை அட்டை. காதில் இரண்டு பெரிய கிண்ணங்களைக் கவிழ்த்துவிட்டு, ஆன்ட்டி, மைக்கைக் கடிக்க வேணாம், கொஞ்சம் பின்னுக்கு நில்லுங்க என்றான் டினுக. டிரம்மும் அவன்தான், ரெக்கோர்டிங்கும் அவன்தான். முதல் தடவை நான் தொடங்கி இரண்டாம் அடிக்கு வந்தபோது கடற்கரைத் தண்டவாளத்தில் கோச்சி வந்துவிட்டது. சுவர் அதிர்ந்தது, நான் நின்றேன், எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு அது போகும் வரை காத்திருந்தோம். பிறகு நீ விரலை அசைத்தாய், நான் திரும்பத் தொடங்கினேன். மகனே, நான் கோயிலில் நன்றாகப் பாடுகிறவள் இல்லை. பக்கத்தில் நிற்பவளுடைய சாரியைப் பார்ப்பேன், ஃபாதர் கொட்டாவி விடுகிறாரா என்று பார்ப்பேன். அன்று பார்க்க எதுவும் இருக்கவில்லை, எதிரே நீ மட்டும்தான். மூன்றாம் அடியில் குரல் இறங்குகிற இடம் வந்தது. இவன் போகிறான் என்பது அப்போதுதான் என் வயிற்றுக்குப் புரிந்தது. ஆகாரம் என்று தொடங்கியது கடைசி அடியில் சொல்லாக வந்துவிட்டது. மகனே, என் மகனே என்று வருகிற அடி அது. நான் அதை நிறுத்தப் பார்க்கவில்லை, நிறுத்தியிருக்கலாம். பாடி முடித்தேன். டினுக கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஹரி ஆன்ட்டி, ஹரி, எல்லாம் சரி என்று மட்டும் சொன்னான்.

காதுக் கிண்ணத்தைக் கழற்றி வைத்தபோது என் கைப்பைக்குள் போன் நடுங்கிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டுக்காரர். உன் அப்பா படியில் விழுந்து கிடக்கிறார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், வாகனத்தில் ஏற்றிவிட்டோம், நேரே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

அந்தத் திரீவீலர் பயணத்தைப் பற்றி நீயும் நானும் ஒரு நாளும் கதைக்கவில்லை. நீ என் கையைப் பிடிக்க வந்தாய், நான் தட்டிவிட்டேன். நத்தார்ச் சனம் முழுக்கக் காலி வீதியில் நின்றது. டினுக மோட்டார் சைக்கிளில் முன்னால் போய் ஹோர்ன் அடித்து வழி விலக்கப் பார்த்தான், ஒருவரும் விலகவில்லை. மல்லி, இக்மனட்ட, இக்மனட்ட என்று நான் டிரைவருடைய முதுகுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவசரம் என்று அவனுக்குத் தெரியும், ஆனால் முன்னால் நின்ற பஸ்ஸுக்குத் தெரியவில்லை. செபம் சொல்ல வாயைத் திறந்தால் செபம் வரவில்லை. அந்த மெட்டுத்தான் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடினேன். வாயை மூடினாலும் அது உள்ளே ஓடியது.

கதவுக்கு அந்தப் பக்கம் அவரைக் கொண்டு போய்விட்டார்கள். இந்தப் பக்கம் நீ, நான், பிளேன் டீ கோப்பைகளோடு டினுக.

"அதை அழி" என்றேன்.

"எதை?"

"என்ர குரலை. இப்பவே அழி."

நீ என்னைப் பார்த்த பார்வை, எங்கள் டொக்டர் குழந்தைப் பிள்ளைகளைப் பார்க்கிற பார்வை. "அம்மா, அது ஒரு பாட்டு. அதை அழிச்சா அப்பாவின்ர குழாய் திறக்குமா?"

"அழிக்காட்டி திறக்காது."

"உங்களுக்கு விளங்குதா நீங்க என்ன சொல்றீங்கன்னு?"

"எனக்கு விளங்குது. உனக்கு உன்ர பாட்டுக்காக அப்பாவைக் குடுக்கச் சம்மதமெண்டால் அதை என்ர முகத்தைப் பாத்துச் சொல்லு."

சொன்ன பிறகுதான் எனக்குக் கேட்டது. உன் முகத்தில் ரத்தம் இல்லை. நீ அழிக்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வெளியே போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாய். டினுக கோப்பைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான், தேநீர் அவனுடைய சப்பாத்தில் வடிந்தது. ஒரு பாட்டை அழித்தால் குழாய் திறக்காது என்பது எனக்குத் தெரியாததா? பத்தாம் வகுப்பில் விஞ்ஞானத்தில் எனக்கு நல்ல பெறுபேறு. ஆனால் அந்தக் கதவுக்கு முன்னால் என்னால் செய்யக்கூடியது வேறு எதுவும் இருக்கவில்லை. செய்ய ஒன்று இருக்கிறது என்று நம்புவதற்காக நான் உன்னைக் குத்தினேன். உனக்கென்று ஒருத்தி வந்து, அவளும் ஒரு நாள் ஏதாவது ஒரு கதவுக்கு முன்னால் நின்று நியாயம் இல்லாமல் கதைத்தால், அவளுக்குப் பதில் சொல்லாதே. ஒரு வேலை கொடு. தண்ணீர் வாங்கி வரச் சொல்லு. அது போதும்.

இதற்குள் பிலோமினா அக்கா செபமாலையோடு வந்து சேர்ந்தார். கொட்டாஞ்சேனையில் கெட்ட செய்தி பஸ்ஸுக்குக் காத்து நிற்பதில்லை. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் காதுக்குக் கிட்ட வந்து, உங்கட வீட்டில யாராவது பாடினீங்களா என்று கேட்டார். இல்லை அக்கா என்றேன். வீட்டில் பாடவில்லை என்பது உண்மைதானே. அவர் செபம் தொடங்கினார், நான் பதில் சொன்னேன். ஒவ்வொரு மணியும் என் கையில் நெருப்பாகக் கிடந்தது.

அடுத்த நாள் காலையில் உள்ளே விட்டார்கள். குழாயைத் திறந்து, அதற்குள் ஏதோ சுருள் வைத்து, மனுசனைத் திருப்பித் தந்துவிட்டார்கள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆகாரம், கடைசி அடி, பிலோமினா அக்காவுக்குச் சொன்ன பொய், உன்னிடம் சொன்ன அந்தச் சொல். அவர் மேல் முகட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இஞ்சேரும், நீர் பாடேக்க நேரம் என்ன?"

"பின்னேரம்."

"எனக்கு விடியவே நெஞ்சைப் பிடிச்சிட்டுது. உமக்குச் சொல்லேல்லை."

ஏன் என்று நான் கேட்கும் முன்னமே அவரே சொன்னார்.

"சொன்னா நீர் போயிருக்க மாட்டீர். பெடியன்ர பாட்டு நடுவில நிண்டிருக்கும். அதுக்காண்டித்தான் வாயை மூடிக்கொண்டு கிடந்தனான். இனி அதை அழிச்சீரெண்டால் நான் உண்மையாவே செத்துப்போவன்."

நெற்றியில் இருந்த அந்த ஈரம் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஃபேனைக் கூட்டியவள். அவரை அந்தக் கட்டிலில் வைத்தே பேசித் தீர்த்தேன், தாதி வந்து என்னை வெளியே போகச் சொல்லும் வரை. மகனே, இந்தக் கடிதத்தில் நீ வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் மறக்காதே. வீட்டில் ஒருவர் ஒன்றுமில்லை என்று சொன்னால் நம்பாதே. அதிலும் அவர் உன் அப்பாவின் மகனாக இருந்தால் கண்ணாடியைப் பார்த்துக்கூட நம்பாதே. நெஞ்சு பிடித்தால் சொல்லு. எந்தப் பாட்டும் நிற்கட்டும்.

கன்ரீனில் உன்னைத் தேடிப் பிடித்து, அழிக்க வேண்டாம், அப்பா சொல்லிவிட்டார் என்றேன். மன்னிப்பு என்ற சொல்லை நான் சொல்லவில்லை, உன் ரொட்டிக்கு என் கறியை ஊற்றினேன். நீ சரி அம்மா என்றாய். அதற்குப் பிறகு நத்தார், உன் பெட்டி, உன் விசா, உன் அப்பாவின் மருந்து என்று நாட்கள் ஓடின. நீ அந்த அறைப் பக்கம் திரும்பிப் போகவே இல்லை. மிச்சத்தை எல்லாம் டினுகவிடம் விட்டுவிட்டுப் பறந்துவிட்டாய். அதனால்தான் நீ இன்னும் கோபமா என்று கேட்கிறாய் போலிருக்கிறது. கோபம் என் பக்கம் இருக்கவில்லை. உனக்குத்தான் இருக்க வேண்டும், நீ வைத்துக்கொள்ளவில்லை. அதை உன் அப்பாவிடமிருந்து எடுத்திருக்கிறாய்.

பாட்டு வெளிவந்த அன்று நீ போனில் சொன்னாய், நடுவில் எல்லாம் நிற்கிற இடத்தில் கிற்றார் ஒற்றையாக வரும், அதற்குக் கீழே கவனமாகக் கேளுங்கள், நீங்கள் இருக்கிறீர்கள் என்று. டினுக உங்களை ஆழத்தில் புதைத்துக் கலந்திருக்கிறான், அதுதான் அழகு என்றாய். கேட்டோம். உன் அப்பா காதில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடி, ஓம், நீர்தான் என்று தலையை ஆட்டினார், விரல்கள் மேசைக்குப் போயின. எனக்கும் கேட்டது. தூரத்தில், அடியில், இறங்கி இறங்கிப் போகிற ஒரு சத்தம். நான் அழுதேன். பிறகு அழுகையைத் துடைத்துவிட்டு விளம்பரத்துக்கு வெளிக்கிட்டேன். கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்டது. மீன்காரருக்குக் கேட்டது, அவருக்குத் தமிழ்ப் பாட்டே தெரியாது. பல் டொக்டர் ஓர் ஆளின் வாய்க்குள் கையை வைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, உம்மட குரல் தனித்துத் தெரிகிறது என்றார்.

பிலோமினா அக்காவிடம் நானாகவே போனேன். விபூதிப் புதன் வருவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. எல்லாவற்றையும் சொல்லி, இனி நான் குழுவில் நிற்கலாமா என்று கேட்டேன். அவர் போனை வாங்கிக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டார். ஒரு தடவை கேட்டார். திரும்பவும் கேட்டார். பல் பிடுங்க வருகிற ஆள்கள் முன் மேசையில் எப்படி இருப்பார்கள் என்று அன்று எனக்கு விளங்கியது. கடைசியில் போனைத் திருப்பித் தந்தார்.

"குரல் நல்லாத்தான் விழுந்திருக்கு" என்றார். "ஆனா மூன்றாம் அடியில மூச்சை உடைச்சிட்டாய். புதன்கிழமை நேரத்துக்கு வா, திருத்துவம்."

அவ்வளவுதான். எத்தனை வருசமாக நாங்கள் பயந்து கிடந்த கட்டுப்பாடு, ஒரு மூச்சுத் திருத்தத்தோடு என்னை விட்டுவிட்டது. இந்த வருசப் பெரிய வெள்ளிக்கு நான் பாடப்போகிறேன். உன் அப்பா முன் வாங்கில் உட்கார்ந்திருப்பார். நீ அங்கே வேலையில் இருப்பாய்.

ஒரு விசயம் மட்டும் மிச்சம். போன ஞாயிற்றுக்கிழமை டினுக வீட்டுக்கு வந்தான். உன் அப்பாவைப் பார்க்க வந்ததாகச் சொன்னான், உட்கார்ந்து கேக் தின்றான், எழும்பிப் போகவில்லை, கடைசியில் என் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். கோச்சி கடந்து தூரப் போய்க்கொண்டிருந்தபோது அவன் ரெக்கோர்டிங்கை நிறுத்தினானாம். அது போன பிறகு திரும்பத் தொடங்க மறந்துவிட்டானாம். ஆஸ்பத்திரியில் சொல்லப் பயந்தானாம், பிறகு சொல்ல முடியாமல் போய்விட்டதாம், உனக்கும் தெரியாதாம். நான் தொடங்கி நிறுத்திய அந்த முதல் தடவையில் என் குரலுக்கு மேல் சத்தம் ஏறிவிட்டதால், அதில் எடுக்கக்கூடியதாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். கிற்றாருக்குக் கீழே இறங்கி இறங்கிப் போவது பாணந்துறைக்குப் போகிற ரயில்.

அம்மா